புதினா எண்ணெயில் மெந்தால் கட்டி ஏன் உறையவில்லை?

கொல்லைப்புறம்:

மார்க்கெட்டில் வாங்கிய புதினா 4 கிலோ, காம்போடு. 25 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தின் மூடியில் குழாய் பொருத்தி, செம்புச் சுருளை வாளித் தண்ணீரில் மூழ்கவிட்டு கண்டென்சர் அமைத்திருக்கிறேன். 8 லிட்டர் தண்ணீரில் இலையை அப்படியே அமுக்கிப் போட்டு 3 மணி நேரம் காய்ச்சினேன். 3 லிட்டர் தீநீரும் (ஆவி குளிர்ந்து இறங்கிய வாசனைத் தண்ணீர்), மேலே மிதந்த 5 மி.லி. வெளிர்மஞ்சள் எண்ணெயும் கிடைத்தன.

எண்ணெயை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்தும் ஒரு ஊசி கூட உறையவில்லை, லேசாகக் கெட்டிப்பட்டதோடு சரி. வீடியோக்களில் நீள நீளமாகப் புதினா உப்பு, அதாவது மெந்தால் கட்டி, எடுக்கிறார்களே, என்னுடையதில் ஏன் வரவில்லை?

வாசனையும் சரியில்லை. மேலாக சூயிங்கம் போல இனிப்பு, அடியில் வெந்த கீரை, கொஞ்சம் முட்டைக்கோஸ். நெற்றியில் தடவினால் சில்லென்று ஏறவே இல்லை.

இலையை வெயிலில் காயவைத்துப் போட்டால் ஒரே ஈட்டில் அதிகம் போடலாம் அல்லவா? செய்யலாமா? ஆன்லைனில் பெப்பர்மின்ட் விதை பாக்கெட் 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? சொந்த எண்ணெயில் ஒரு வலித்தைலம் செய்வதுதான் நோக்கம்.

கார்பன்_பத்து:

உங்கள் எண்ணெயில் உறைவதற்கு மெந்தால் இல்லை. எத்தனை நாள் ஃப்ரீசரில் வைத்தாலும் வராது. கருவியைக் குறை சொல்லாதீர்கள், செடியே வேறு.

நம் காய்கறிக் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் புதினா பெரும்பாலும் மெந்தா ஸ்பைகேட்டா, அதாவது ஸ்பியர்மின்ட். அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் கார்வோன் என்ற மணப்பொருள், நல்ல ரகங்களில் 70-80 சதவீதம் வரை போகும். அடுத்து லிமோனின், பிறகு கொஞ்சம் சினியோல், டைஹைட்ரோகார்வோன், கார்வியோல், அவற்றின் அசிட்டேட்டுகள். மெந்தால் பெயரளவுக்குத்தான். சூயிங்கம் வாசனை என்று எழுதியிருக்கிறீர்களே, அது கார்வோனேதான். மூக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது.

வீடியோவில் வருவது மெந்தா அர்வென்சிஸ். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி, சம்பல், ராம்பூர், பதாயூன் பக்கம் ஏக்கர் கணக்கில் விளைவது. அதன் எண்ணெயில் 70-80 சதவீதம் மெந்தால் இருக்கும். அதனால்தான் குளிரவைத்தால் ஊசி ஊசியாக இறங்குகிறது. மூன்றாவது பெப்பர்மின்ட், மெந்தா பைப்பெரிட்டா. அதில் மெந்தால் குறைவு. ஐரோப்பிய மருந்தியல் தரநூல் மெந்தாலுக்கு 30 முதல் 55 சதவீதம், மெந்தோனுக்கு 14 முதல் 32, மெந்தைல் அசிட்டேட்டுக்கு 2.8 முதல் 10 என்று வரம்பு வைத்திருக்கிறது. மணத்தில் பெப்பர்மின்ட் உயர்த்தி, மெந்தால் அளவில் அர்வென்சிஸ் உயர்த்தி.

இந்த மூன்றும் எங்கே பிரிகின்றன என்பது சுவாரஸ்யமான விஷயம். மூன்று செடியிலும் ஜெரனைல் டைபாஸ்பேட் என்ற 10 கார்பன் சேர்மத்திலிருந்து முதலில் லிமோனின் உண்டாகிறது. ஸ்பியர்மின்ட்டின் என்சைம் அந்த லிமோனினின் 6-ஆம் கார்பனில் ஆக்சிஜனை ஏற்றும். அது கார்வியோலாகி, அடுத்த படியில் கார்வோனாகி, அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும். பெப்பர்மின்ட்டிலும் அர்வென்சிஸிலும் உள்ள இதற்கு நெருங்கிய என்சைம் 3-ஆம் கார்பனில் ஏற்றும். அங்கிருந்து ஐசோபைப்பெரிட்டினோல், ஐசோபைப்பெரிட்டினோன், ஐசோபுலிகோன், புலிகோன், மெந்தோன் என்று படிப்படியாக மாறி மெந்தாலில் முடியும். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராட்னி க்ரோட்டோவின் ஆய்வகம்தான் இந்தப் பாதையின் பெரும்பகுதியை அவிழ்த்தது. ஸ்பியர்மின்ட் என்சைமின் 363-வது இடத்திலுள்ள பினைல்அலனினை எடுத்துவிட்டு ஐசோலூசினை வைத்தால் அது 3-ஆம் கார்பனைப் பிடிக்க ஆரம்பிக்கும் என்று 2000-ல் அங்கே காட்டினார்கள். ஒரே ஒரு அமினோ அமிலம்! மெந்தால் செடிக்கும் சட்னிச் செடிக்கும் நடுவே அவ்வளவுதான் வேலி.

கார்வோனைப் பற்றி இன்னொன்று. இதே அணுக்கள், இதே பிணைப்புகளோடு, வலக்கைக்கும் இடக்கைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கொண்ட இன்னொரு கார்வோன் சதகுப்பை விதையிலும் ஷாஜீராவிலும் இருக்கிறது. மூக்குக்கு அது முற்றிலும் வேறு வாசனை. புதினாவில் இருப்பது இடச்சுழற்சி வகை, ஒளியை இடப்பக்கம் திருப்புவது.

சில்லென்று ஏறாததற்குக் காரணமும் இதுதான். குளிர்ச்சியை உணரும் நரம்புகளில் டிஆர்பிஎம்8 என்ற வாயில் இருக்கிறது. 2002-ல் கண்டுபிடித்தார்கள். அந்த வரிசை ஆய்வுகளுக்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மெந்தால் அந்த வாயிலைத் திறந்துவிடுவதால், தோலின் சூடு குறையாமலேயே குளிர்வது போலத் தெரியும். கார்வோனுக்கு அந்த வேலை அவ்வளவாக வராது.

வாலைக்காரர்:

செடி விஷயம் மேலே வந்துடுச்சு. நான் காய்ச்சுற பக்கம் சொல்றேன், ஏன்னா ஸ்பியர்மின்ட் எண்ணெய்னாலும் இதைவிட நல்லா வரணும்.

முதல்ல அளவு. 4 கிலோ கட்டுல காம்பு ஏறக்குறைய பாதி. காம்புல எண்ணெய் இல்லைன்னே வெச்சுக்கலாம். இலை 2 கிலோ, பச்சை இலைக்கு 0.3 முதல் 0.5 சதவீதம்னா 6 முதல் 10 கிராம் வரணும். உங்களுக்கு 5 மி.லி.தான். மீதி எங்கேன்னா, அந்த 3 லிட்டர் தீநீர்ல. கார்வோன் தண்ணில ஓரளவு கரையும், லிட்டருக்கு 1 கிராம் பக்கம். லிமோனின் கிட்டத்தட்ட கரையவே கரையாது. அதனால அதிகத் தண்ணி இறங்க இறங்க, நல்ல மணம் தண்ணிக்குள்ள போயிடும், மேலே மிதக்கிறதுல ஆரஞ்சுத்தோல் வாசனை கூடிக்கிட்டே போகும். 2 கிராமுக்கு மேல உங்க தீநீர்லயே இருக்கு.

இதுக்கு வழி, பிரிச்ச தீநீரை வடிச்சு மறுபடி அடிப்பாத்திரத்துக்கே விடுறது. தனியா ஒரு குழாய் வெச்சு, மேலே எண்ணெய் நிக்கட்டும், கீழே இருந்து தண்ணி தானா திரும்பிப் போகட்டும். முடியலைன்னா முதல் ஈட்டுத் தீநீரை அடுத்த ஈட்டுக்குக் கொதிநீரா ஊத்துங்க. லிட்டருக்கு 100-150 கிராம் கல் உப்பு கரைச்சாலும் எண்ணெய் கொஞ்சம் மேல வரும், ஆனா அப்புறம் அந்தத் தண்ணி வேற எதுக்கும் ஆகாது.

அடுத்து கீரை வாடை. இலை கொதிக்கிற தண்ணிலயே கெடக்கக் கூடாது. வெந்தா வெந்த வாசனைதான் வரும். அடியில ஒட்டுற இலை கருகி அந்த வாடையும் சேரும். அடிப்பாத்திரத்துல இருந்து ஒரு 10 செ.மீ. உயரத்துல துளை போட்ட தட்டு வைங்க. கீழே 5 லிட்டர் தண்ணி, தட்டைத் தொடக் கூடாது. தட்டு மேலே இலை மட்டும் 2.5 கிலோ, திணிக்காம, ஓரத்துல சந்து விடாம சமமா பரப்புங்க. அமுக்கிப் போட்டா ஆவி ஒரு ஓட்டையைப் பிடிச்சு அது வழியாவே ஏறிடும், பக்கத்து இலையெல்லாம் சும்மா வேகும். காய்ச்சி முடிச்சு தட்டைப் பாத்தாலே தெரியும்: நடுவுல ஒரு வட்டம் பழுப்பாகி, சுத்தி இன்னும் பச்சையா இருந்தா ஆவி குறுக்கு வழி பிடிச்சிருக்குன்னு அர்த்தம். மூடி விளிம்புக்கு மைதா பிசைஞ்சு பூசுங்க.

நறுக்க வேண்டாம். இலையோட அடிப்பக்கத்தை 10 மடங்கு லென்ஸ்ல பாருங்க, மினுமினுன்னு புள்ளி புள்ளியா தெரியும். அதுதான் எண்ணெய்ச் சுரப்பி. மேல்தோலுக்கு வெளியே, மெழுகுச் சவ்வுக்கு அடியில எண்ணெயைத் தேக்கி வெச்சிருக்கும். ஆவி பட்டதும் வெடிச்சிடும். நறுக்கினா, அரைச்சா, காய்ச்சுறதுக்கு முன்னாடியே பறந்துடும்.

முட்டைக்கோஸ் வாடை டைமீத்தைல் சல்பைடுங்கிற கந்தகச் சேர்மம். புதினா வகை எண்ணெய்ல இது வழக்கமா வர்ற தொந்தரவு. 37 டிகிரியிலயே கொதிக்கிறதால முதல் சில நிமிஷத்துலயே வந்துடும். பாட்டில் வாயில வடிதாள் கட்டி நிழல்ல ரெண்டு நாள் வெச்சா பெரும்பாலும் போயிடும். பச்சைப்புல் வாடை அவ்வளவு சீக்கிரம் போகாது. மஞ்சளான இலை, சாக்குல சூடேறி வியர்த்த கட்டு, இதெல்லாம் பொறுக்கி எடுத்துட்டுப் போடுங்க. பாதி நாத்தம் அங்கேதான்.

நேரம் 3 மணி அதிகம். தட்டு வெச்சு காய்ச்சினா 75-90 நிமிஷம் போதும். நிமிஷத்துக்கு 15-20 மி.லி. தண்ணி இறங்குற அளவுக்குத் தீயை வைங்க. கண்டென்சர்ல இருந்து வர்ற தண்ணி கைக்கு வெதுவெதுன்னு, 35-40 டிகிரி இருக்கணும். ஐஸ் போட்டுக் குளிரவெச்சா எண்ணெய் பொடிப்பொடியா சிதறி தண்ணி பால் மாதிரி வெளுத்துப் பிரியாது. சூடாவே வந்தா வீடெல்லாம் மணக்கும், பாட்டில்ல ஒண்ணும் இருக்காது.

வெயில்ல காயப் போடாதீங்க. நிழல்ல 4-6 மணி நேரம் மெல்லிசா பரப்பி வாடவிட்டா போதும், ஈரம் கொஞ்சம் குறையும், எடையும் இடமும் குறையும். குவிச்சு வெச்சா உள்ளே சூடேறிப் புளிக்கும்.

செம்புச் சுருள் இருக்கட்டும், கந்தகச் சேர்மங்களைக் கொஞ்சம் பிடிச்சுக்கும். ஆனா உள்ளே பச்சைக் களிம்பு ஏறினா எண்ணெயும் பச்சையாகும். ஒவ்வொரு தடவையும் 2 சதவீத எலுமிச்சை உப்புக் கரைசல் ஓடவிட்டு, நல்ல தண்ணில அலசிடுங்க.

மலைக்காற்று:

கற்பூரவல்லி இலை ஒரு கிலோ சேர்த்துக் காய்ச்சினால் நன்றாக ஏறுமே?

கார்பன்_பத்து:

ஏறும், ஆனால் சூடாக. கற்பூரவல்லியின் எண்ணெயில் முக்கியமாகக் கார்வக்ராலும் தைமாலும். ஓமத்தின் பக்கத்து வீடு. தோலில் எரியும், அதிகமானால் புண்ணாகும். குளிர்ச்சி கேட்பவருக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

கொல்லைப்புறம்:

எல்லோருக்கும் நன்றி. தட்டு அடிக்கக் கொடுத்துவிட்டேன். இன்னும் சில. இருக்கும் கார்வோனை ஏதாவது செய்து மெந்தாலாக மாற்ற முடியுமா? அர்வென்சிஸ் இங்கே வளருமா? எனக்குக் கொல்லையில் 10 சதுர மீட்டர் இடம் இருக்கிறது. உறையவைக்கும் முறையையும் சொல்லுங்கள்.

கார்பன்_பத்து:

முடியாது. கார்வோனுக்கு ஹைட்ரஜன் ஏற்றினால் கார்வோமெந்தோன், கார்வோமெந்தால் என்று போகும். பெயரில் மெந்தால் இருந்தாலும் ஆக்சிஜன் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். தொழிற்சாலைகளில் மெந்தாலுக்கு எடுப்பது வேறு மூலப்பொருள்கள். ஒன்று தைமால், நம் ஓம உப்பு. அதற்கு ஹைட்ரஜன் ஏற்றினால் எட்டு வடிவங்கள் கலந்த மெந்தால் வரும், பிறகு வேண்டியதைப் பிரித்தெடுக்க வேண்டும். ஜப்பானில் டகாசாகோ நிறுவனம் 1980-களிலிருந்து வேதியியலாளர் நொயோரியின் ரோடியம் வினையூக்கியை வைத்து நேராக இடச்சுழற்சி மெந்தாலையே செய்கிறது. கொல்லையில் செய்கிற காரியம் எதுவும் இதில் இல்லை.

பாத்திகட்டி:

தம்பி, அந்த விதைப் பாக்கெட்டை வாங்காதீங்க. பெப்பர்மின்ட் என்பது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் கலந்த கலப்பினம், மலடு. பூக்கும், முளைக்கிற விதை வைக்காது. பாக்கெட்டில் எது இருந்தாலும் அது பெப்பர்மின்ட் இல்லை. வேர்த்தண்டு வைத்துத்தான் பெருக்க வேண்டும். அர்வென்சிஸையும் அப்படித்தான் வைக்கிறார்கள், அவர்கள் பேச்சில் சக்கர்.

பெப்பர்மின்ட்டை சமவெளியில் வைத்தாலும் உங்களுக்குத் திருப்தி வராது. அது கோடையில் 15 மணி நேரம் பகல் இருக்கும் ஊர்ச் செடி. அமெரிக்காவில் ஆரிகன், வாஷிங்டன், மிச்சிகன் பக்கம் போட்டதற்குக் காரணம் அதுதான். நமக்கு நீண்ட பகலே 13 மணி நேரம்தான், ராத்திரியும் வெக்கை. பகல் குட்டையாகி ராத்திரி சூடாக இருந்தால் மெந்தோன் மெந்தாலாக மாறுவது குறைந்து, புலிகோனும் மெந்தோஃப்யூரானும் கூடும். மணத்தில் ஒரு காரக் கசப்பு வரும். புலிகோன் கல்லீரலுக்கு ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அர்வென்சிஸ் வெக்கையைத் தாங்கும். லக்னோவில் இருக்கும் சிமாப் (மருத்துவ, நறுமணச் செடிகளுக்கான மத்திய ஆய்வு நிறுவனம்) வெளியிட்ட கோசி, சக்ஷம், குஷல், சிம்-கிராந்தி மாதிரி ரகங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "மின்ட் நாற்று" என்று சொல்லி வாங்கினால் மறுபடி ஸ்பியர்மின்ட்தான் கையில் வரும். வாங்கும்போதே ஒரு இலையைக் கசக்கி நாக்கில் வையுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது தொண்டை வரை சில்லென்று போக வேண்டும். இனிப்பாக மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

10 சதுர மீட்டருக்கு அரை கிலோ வேர்த்தண்டு தாராளம். 8-10 செ.மீ. துண்டாக வெட்டி, 45 செ.மீ. வரிசை இடைவெளியில், 4-5 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து மண் மூடுங்கள். வடக்கே ஜனவரி-பிப்ரவரியில் வைப்பார்கள், கோதுமை அறுத்தபின் நாற்றாக நடுபவர்களும் உண்டு. இங்கே மழை ஓய்ந்து தை மாதம் வைத்தால் சரியாக வரும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், மேட்டுப்பாத்தி போடுங்கள். களையை முதல் இரண்டு மாதம் விடாதீர்கள். புல்லும் சேர்ந்து வெந்தால் எண்ணெய் வாடையே மாறிப்போகும்.

வெட்டு 100-110 நாளில். அவசரப்பட்டு 60 நாளில் வெட்டினால் இளம் இலையில் மெந்தோன்தான் மிகுந்திருக்கும், இலை முதிர முதிரத்தான் அது மெந்தாலாகும். ரொம்பத் தள்ளிப்போட்டால் அடியிலை மஞ்சளாகிக் கொட்டும், எண்ணெயும் அதோடு போகும். வெட்டுக்கு 8-10 நாள் முன்னாடி தண்ணீரை நிறுத்துங்கள். வெயில் அடிக்கிற நாளில், பனி காய்ந்த பிறகு, தரையிலிருந்து 8-10 செ.மீ. விட்டு அறுக்க வேண்டும். மேகமூட்டமாக இருந்தால், மழை பெய்த மறுநாளாக இருந்தால், பொறுங்கள். அடுத்த வெட்டு 70-80 நாளில் தயாராகும்.

நல்ல பராமரிப்பில் ஒரு வெட்டுக்கு 15 கிலோ பச்சை வரும். 0.5 சதவீதம் வைத்தால் 75 கிராம் எண்ணெய். உங்கள் தைலத்துக்கு அது ஏகம். தொட்டியில் வைக்கலாம் என்று நினைத்தால் அகலத் தொட்டியாக வையுங்கள், வேர்த்தண்டு பக்கவாட்டில்தான் ஓடும். பக்கத்துப் பாத்தியில் ஸ்பியர்மின்ட் வைக்காதீர்கள், ஒரு மழைக்காலம் போனால் எது எது என்று பிரிக்க முடியாது.

வாலைக்காரர்:

உறைய வைக்கிறது பொறுமை வேலை. அர்வென்சிஸ் எண்ணெய்ல முதல்ல ஈரம் எடுக்கணும். ஒரு நாள் அசையாம நிக்கவிட்டு, அடியில தேங்குற தண்ணியைப் பிரிச்சுட்டு, நீரற்ற சோடியம் சல்பேட் 100 மி.லி.க்கு 5 கிராம் போட்டுக் குலுக்கி வடிகட்டுங்க. தண்ணி இருந்தா எண்ணெய் கலங்கும், ஊசியும் சின்னச் சின்னதா உடையும்.

கண்ணாடிப் பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல 10 டிகிரி பக்கம் ஒரு நாள். ஒரு துணுக்கு மெந்தால் கட்டி விதையா போடுங்க, இல்லைன்னா குளிர்ந்தும் உறையாம அப்படியே நிக்கும். அடுத்த நாள் மேல்தட்டுல 4-5 டிகிரி, அதுக்கு அப்புறம்தான் ஃப்ரீசர். எடுத்த எடுப்புல ஃப்ரீசர்ல வெச்சீங்கன்னா மொத்தமும் களி மாதிரி உறைஞ்சு, எண்ணெய் நடுவுல மாட்டிக்கும், பிரிக்கவே முடியாது. மெதுவா இறக்கினா அடியில இருந்து கண்ணாடிக் குச்சி மாதிரி நீளமா வளரும். பாட்டிலை ஆட்டாதீங்க.

குளிரோடயே புனல்ல கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிடுங்க. அறைவெப்பத்துல வடிச்சா ஒட்டியிருக்கிற எண்ணெய்ல பாதி மெந்தால் திரும்பக் கரையும். அப்புறம் வடிதாளுக்கு நடுவுல வெச்சு அமுக்குங்க. தண்ணில கழுவாதீங்க. எண்ணெய்ல பாதியளவு கட்டி கைக்கு வந்தாலே நல்ல பிடிப்பு. வடிஞ்ச எண்ணெயைக் கொட்டிடாதீங்க, வியாபாரத்துல டிஎம்ஓன்னு சொல்ற மெந்தால் நீக்கிய எண்ணெய் அது. அதுலயும் மெந்தால் நிறைய மிச்சம் இருக்கும், மெந்தோனும் மெந்தைல் அசிட்டேட்டும் கூடுதலா இருக்கும்.

பெப்பர்மின்ட் எண்ணெய்னு லேபிள் ஒட்டி விக்கிறதுலயும் இந்த டிஎம்ஓ நடமாடுது. மூக்கால கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

கார்பன்_பத்து:

அதற்கு ஜிசி அறிக்கையில் (எண்ணெயின் கூறுகளைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) இரண்டு பெயரைத் தேடுங்கள். விரிடிஃப்ளோரால் உண்மையான பெப்பர்மின்ட்டில் இருக்கும், அர்வென்சிஸில் கிட்டத்தட்ட இருக்காது. ஐசோபுலிகால் அதற்குத் தலைகீழ், அர்வென்சிஸில்தான் மிகும். 0.2 சதவீதத்தைத் தாண்டினால் ஐரோப்பியத் தரநூல்படி அது பெப்பர்மின்ட் ஆகாது. வலித்தைலத்துக்கு இந்தக் கவலை எதற்கு என்றால் சரிதான், ஆனால் பெப்பர்மின்ட் விலை கொடுத்து டிஎம்ஓ வாங்க வேண்டாம்.

தைலப்பெட்டி:

கொல்லைப்புறம் சகோ, செடி முதிரும்வரை நாட்டுமருந்துக் கடையில் புதினா உப்பு வாங்கிச் செய்யலாம். வாங்கும்போது சோதியுங்கள். ஒரு ஊசியைத் தண்ணீரில் போட்டால் கரையாமல் மிதக்க வேண்டும். மூழ்கிக் கரைந்தால் வேறு ஏதோ உப்பு. ஒரு ஸ்பூனில் வைத்து மெல்லச் சூடாக்கினால் உருகி, முழுக்க ஆவியாகி, ஸ்பூன் சுத்தமாக இருக்க வேண்டும். படலம் நின்றால் மெழுகு கலந்திருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள். நல்ல இடச்சுழற்சி மெந்தால் 41-44 டிகிரிக்குள் உருகும்.

100 கிராம் தைலத்துக்கு: தேங்காய் எண்ணெய் 70 கிராம், தேன்மெழுகு 20, மெந்தால் 5, நீலகிரித் தைலம் 3, பச்சைக் கற்பூரம் 2. சித்திரை வெயிலில் டப்பாவில் இளகினால் மெழுகை 25 ஆக்கி எண்ணெயை 65 ஆக்குங்கள். மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 65-70 டிகிரியில் உருக்குங்கள். இறக்கி, 50 டிகிரிக்கு ஆறி ஓரத்தில் லேசாக வெளுக்க ஆரம்பிக்கும்போது மற்றவற்றைப் போட வேண்டும். சூட்டோடு போட்டால் மெந்தால் ஆவி கண்ணில் ஏறும், கண்ணைத் திறக்கவே முடியாது, தைலத்திலும் காரம் இருக்காது.

மெந்தாலையும் கற்பூரத்தையும் தனியாக ஒரு சின்ன பாட்டிலில் சேர்த்துக் குலுக்கினால் இரண்டும் தானாகவே இளகித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஓம உப்பு சேர்த்தால் இன்னும் சீக்கிரம். ஒன்றோடொன்று கலந்ததும் உருகுநிலை அறைவெப்பத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்தத் திரவத்தைக் கலந்தால் தைலத்தில் மணல்மணலாக நிற்காது. மெழுகு இளகித் தெரிவதற்கும் இதுவே காரணம். மெந்தாலைக் கூட்டினால் மெழுகையும் கூட்ட வேண்டும்.

பூஜைக் கற்பூரம் போடாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஸ்பியர்மின்ட் எண்ணெயிலிருந்து 1 கிராம் எடுத்துத் தைலத்தில் சேர்த்தால் மணத்துக்கு ஆகும், மருந்துக் கடை வாடை குறையும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூக்கின் அருகிலோ மார்பிலோ மெந்தாலும் கற்பூரமும் கூடவே கூடாது. தொண்டை இறுகி மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. வெட்டுக்காயம், கண்ணோரம் தவிருங்கள். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) குறைபாடு உள்ளவர்களும் மெந்தாலைத் தவிர்ப்பது நல்லது.

டப்பா கண்ணாடியோ அலுமினியமோ. மெல்லிய பிளாஸ்டிக்கை இது இளக்கிவிடும், சொட்டுக்குழாயின் ரப்பரும் ஒரு மாதத்தில் பிசுபிசுக்கும்.

கொல்லைப்புறம்:

வேர்த்தண்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று. பழைய 5 மி.லி. ஸ்பியர்மின்ட் எண்ணெயையும் அந்த 3 லிட்டர் தீநீரையும் என்ன செய்வது? தீநீர் இன்னும் பிளாஸ்டிக் கேனில்தான் இருக்கிறது.

வாலைக்காரர்:

கேன்ல இருந்து இன்னைக்கே கண்ணாடிக்கு மாத்துங்க. கொதிநீர்ல அலசின பாட்டில், கழுத்து வரைக்கும் நிரப்பி ஃப்ரிட்ஜ்ல வைங்க. நூல் நூலா மிதந்தா, புளிப்பு வாடை வந்தா, செடிக்குக்கூட ஊத்தாம கொட்டிடுங்க. நல்லா இருந்தா அடுத்த ஈட்டுக்கு அடித்தண்ணியா ஊத்துங்க, உள்ளே கரைஞ்ச கார்வோன் திரும்பக் கிடைக்கும். அதுவும் அடுத்த ஈடு ஸ்பியர்மின்ட்டா இருந்தா மட்டும். அர்வென்சிஸ் காய்ச்சும்போது இதை ஊத்தினா மெந்தால்ல சூயிங்கம் வாசனை ஒட்டிக்கும்.

5 மி.லி.யைச் சின்ன பழுப்பு பாட்டில்ல, காத்து இடமே இல்லாம. பாதி காலியான பாட்டில்ல லிமோனின் ஆக்சிஜனேறி வார்னிஷ் வாடை அடிக்கும், தோல்ல அரிப்பும் தரும். ஃப்ரீசர்ல வெச்சு வெச்சு எடுத்ததுல உள்ளே ஈரம் கட்டியிருக்கும், மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை சோடியம் சல்பேட் போட்டு வடிச்சிடுங்க.